வரைபடத்தில் இரண்டாகப் பிரிந்த மத்தி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முனைவர் பட்ட மாணவி மடிக்கணினியோடு என்னைப் பார்க்க வந்தார். தூத்துக்குடிப் பக்கம் ஓர் இறங்குதளத்தில் எடுத்த 30 மத்தி, நாகப்பட்டினம் பக்கம் எடுத்த 30 மத்தி. ஒவ்வொரு மீனையும் படம் எடுத்து, வாய் நுனி, செவுள் மூடியின் விளிம்பு, முதுகுத் துடுப்பின் தொடக்கம் என்று 12 லேண்ட்மார்க் (எல்லா மீனிலும் ஒரே இடத்தில் வைக்கும் அடையாளப் புள்ளி) குறித்து, பிசிஏ போட்டிருந்தார்; அதாவது மீன்கள் தமக்குள் அதிகம் வேறுபடும் திசைகளை அச்சுகளாக எடுத்து வரைந்திருந்தார். திரையில் சிவப்பு ஒரு பக்கம், நீலம் மறுபக்கம், நடுவில் கலப்பே இல்லை.

"சார், ரெண்டும் தனித்தனிக் கூட்டம்னு எழுதிடலாமா?"

முதலில் படங்களைக் காட்டுங்கள் என்றேன். தூத்துக்குடி மீன்கள் பிடித்த அன்றே தட்டில் நேராகக் கிடத்தி எடுத்தவை. நாகப்பட்டினத்து மீன்களோ தெர்மாகோல் பெட்டியில் நெருக்கி அடைத்து, உறைந்து வந்தவை. தலையும் வாலும் மேலே தூக்கி, வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தன. முதல் அச்சு எந்த உருமாற்றத்தைக் காட்டுகிறது என்று வலைக்கட்டமாக வரையச் சொன்னேன். அதே வாழைப்பழ வளைவுதான் வந்தது. அவ்வளவு அழகாகப் பிரிந்த அந்த வரைபடம் ஐஸ் பெட்டியைத்தான் அளந்திருந்தது. அவர் முகம் வாடியதை இன்னும் மறக்கவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உயிரிகளின் வடிவத்தைக் கட்டத்தில் போட்டு ஒப்பிடுவது பழைய யோசனை. 1917-இல் உயிரியலாளர் டார்சி தாம்சன் முள்ளம்பன்றி மீனின் மேல் சதுரக் கட்டம் வரைந்து, அந்தக் கட்டத்தை வளைத்தால் சூரிய மீனின் உருவம் கிடைப்பதைக் காட்டினார். அவர் கையால் வளைத்ததைக் கணக்காகச் செய்யும் வழியை 1989-இல் வடிவ அளவியல் ஆய்வாளர் ஃப்ரெட் புக்ஸ்டைன் கொடுத்தார். இன்று மார்ஃபோஜே மென்பொருள், அல்லது ஆர் நிரல் மொழியின் ஜியோமார்ஃப் தொகுப்பு இருந்தால் ஒரு மதியத்துக்குள் முடிந்துவிடும் வேலை. அந்த வேகம்தான் எனக்குக் கவலை.

கணக்கு உள்ளே என்ன செய்கிறது? ஒவ்வொரு புள்ளிக்கும் கிடையாக ஒன்று, செங்குத்தாக ஒன்று என 12 புள்ளிக்கு 24 எண்கள். மீன் படத்தில் எந்த இடத்தில் கிடக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எவ்வளவு பெரியது என்ற மூன்றையும் நீக்கிவிட்டு மிஞ்சுவதைத்தான் வடிவம் என்கிறோம். இதற்கு ப்ரோக்ரஸ்டீஸ் பொருத்தம் என்று பெயர். இடத்துக்கு 2, திருப்பத்துக்கு 1, அளவுக்கு 1 போக, மிச்சம் 20 பரிமாணங்கள். வளைவு இந்த மூன்றில் எதிலும் சேராது. அதனால் அது நீங்காமல், வடிவத்தின் பகுதியாகவே உள்ளே தங்கிவிடுகிறது. நடுக்கோட்டில் கூடுதல் புள்ளி வைத்துக் கணக்கால் நிமிர்த்தும் வசதி இருக்கிறது. ஆனால் பல மீன்களின் பக்கவாட்டில் தலையிலிருந்து வால் வரை ஓடும் பக்கக்கோடு மத்திக்கு உடலில் கிடையாது. எதைப் பிடித்து நிமிர்த்துவது? மீனை நேராகக் கிடத்தி, ஊசி குத்தி நிறுத்திப் படம் எடுப்பதே நல்லது.

இந்தப் பொருத்தத்தால் இன்னொரு குழப்பமும் வரும். ஒரே ஒரு புள்ளி உண்மையில் நகர்ந்திருந்தாலும், எல்லாவற்றையும் சேர்த்துப் பொருத்தும்போது அந்த நகர்வு மற்ற புள்ளிகளுக்கும் பங்காகிவிடும். எனவே "ஏழாவது புள்ளி மட்டும் மாறியிருக்கிறது" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். முழு உருவமும் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

அடுத்து, நம் கை. ஒரே படத்தில் வேறொரு நாள் மறுபடி புள்ளி வையுங்கள். அதே இடத்தில் விழாது. சில மீன்களை எடுத்து மறுபடி கிடத்தி, மறுபடி படம் எடுத்து, மறுபடி புள்ளி வைத்தால்தான் மொத்தப் பிழை எவ்வளவு என்று தெரியும். மீனுக்கு மீன் உள்ள வேறுபாட்டோடு அந்தப் பிழையை ப்ரோக்ரஸ்டீஸ் அனோவாவில் (மொத்த வேறுபாட்டைக் காரணவாரியாகப் பிரித்துக் காட்டும் கணக்கு) ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு ஊர் மீனுக்கு ஒருவர், இன்னொரு ஊர் மீனுக்கு இன்னொருவர் என்று வேலையைப் பிரித்துக்கொள்வதை மட்டும் செய்யவே கூடாது. ஊர் வேறுபாடா, ஆள் வேறுபாடா என்று அப்புறம் எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. கோப்புப் பெயரில் ஊரை மறைத்து, படங்களைக் கலந்து வைத்துவிட்டு ஒரே ஆள் குறிப்பது நல்லது.

பிசிஏயில் பிரியவில்லை என்றதும் பலர் சிவிஏ என்ற இன்னொரு பகுப்பாய்வுக்குத் தாவுகிறார்கள். சிவிஏயின் வேலையே குழுக்களைப் பிரித்துக் காட்டுவதுதான். குழுவுக்கு 15 மாதிரி, 20 பரிமாணம் என்றால், வெறும் தற்செயல் எண்களைக் கொடுத்தாலும் அது பெரும்பாலும் நன்றாகவே பிரித்துக் காட்டும். குழுச் சராசரிகளின் மேல் போடும் பிசிஏவுக்கும் இதே நோய் உண்டு. 2019-இல் புக்ஸ்டைன் ஒரு பக்கமும், கார்டினி, ஓ'ஹிக்கின்ஸ், ரோல்ஃப் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இன்னொரு பக்கமும் இதை விளக்கியிருக்கிறார்கள். ஊர்ப் பெயர்களைச் சீட்டுக் குலுக்குவது போலக் கலைத்துவிட்டு அதே வரைபடத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். கலைத்த பிறகும் அப்படியே பிரிந்தால் உங்கள் முடிவில் பொருளில்லை. எத்தனை மீன் சரியான குழுவில் விழுந்தது என்று சொல்வதானால், ஒவ்வொரு மீனையும் கணக்குக்கு வெளியே வைத்து, மற்ற மீன்களைக் கொண்டு அதன் குழுவைக் கணித்துச் சோதித்த எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.

அந்த மாணவி மறுபடி மீன் எடுத்தார். இரண்டு ஊரிலும் ஒரே தட்டு, ஒரே உயரத்தில் கேமரா. இந்த முறை குழுக்கள் ஓரளவே விலகின. அதிலும் ஒரு ஊர் மீன்கள் சராசரியில் சிறியவை. சிறிய மீனுக்கு உடலை ஒப்பிடத் தலை பெரிதாகத் தெரியும். அளவை நீக்கியாயிற்றே என்று கேட்டார். அளவு நீங்கியது சரி, ஆனால் வளரும்போது வடிவம் மாறும் விதம் நீங்குவதில்லை. சென்ட்ராய்டு அளவின் (புள்ளிகள் தங்கள் மையத்திலிருந்து எவ்வளவு விரிந்திருக்கின்றன என்ற அளவு) மடக்கையோடு வடிவத்தைத் தொடர்புபடுத்தி அந்தப் பங்கைக் கழித்ததும் சிவப்பும் நீலமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிட்டன.

அதை அப்படியே எழுதினார். வடிவ அத்தியாயத்தின் முதல் அட்டவணையாக அளவீட்டுப் பிழையை வைத்தார். வளைந்த மீன்களின் படத்தையும் அதற்குக் கீழேயே போட்டிருந்தார்.