ஸ்டீவன்ஸ் ஜான்சன் சிண்ட்ரோம்: முதல் வாரத்திலேயே இமையைத் திருப்பிப் பாருங்கள்

மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பெங்கும் கொப்புளம் கிளம்பித் தோல் உரியும் ஸ்டீவன்ஸ் ஜான்சன் சிண்ட்ரோம் வரும்போது எல்லோருடைய கவனமும் உயிரைக் காப்பாற்றுவதில்தான் இருக்கும். நியாயம்தான். ஆனால் தோல் ஆறி வீடு திரும்பிய பலர், சில மாதம் கழித்து வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாமல் வருகிறார்கள். அந்தப் பாதிப்பு முதல் வாரத்திலேயே தொடங்கியிருக்கும்.

கார்பமசெபின், ஃபெனிடாயின், லமோட்ரிஜின் போன்ற வலிப்பு மருந்துகள், யூரிக் அமிலத்துக்கான அல்லோபியூரினால், சல்ஃபா மருந்துகள் ஆகியவை வழக்கமான காரணங்கள். மருந்து தொடங்கிய 4 முதல் 28 நாட்களுக்குள் பெரும்பாலும் வரும். காய்ச்சலும் கண் சிவப்பும் கொப்புளத்துக்கு முன்பே தலைகாட்டலாம். அதைச் சாதாரணக் கண்வலி என்று நினைத்துச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு, அதே மாத்திரையையும் தொடர்ந்து விழுங்குவதுதான் ஆபத்து. புது மருந்தோடு காய்ச்சல், கண் சிவப்பு, வாய்ப்புண் சேர்ந்தால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

தோல் எவ்வளவு உரிந்திருக்கிறது என்பதை வைத்துக் கண்ணைக் கணிக்க முடியாது. உடலில் 10 சதவீதத்துக்கும் குறைவாக உரிந்தவருக்கும் பார்வை போயிருக்கிறது. அதனால் சேர்த்த முதல் நாளே கண் மருத்துவர் பார்க்க வேண்டும், பிறகு தினமும். டார்ச் அடித்து ‘கண் சிவந்திருக்கிறது’ என்று எழுதிவிட்டுப் போவது பரிசோதனை ஆகாது. ஃப்ளோரெசின் சாயம் விட்டு, மேல் இமையைத் திருப்பி, நீல ஒளியில் இமை விளிம்பு, இமையின் உட்பக்கம், இமையும் கண்ணும் சேரும் மடிப்பு மூன்றையும் பார்க்க வேண்டும். மேற்படலம் உரிந்த இடமெல்லாம் பச்சையாக ஒளிரும்.

லேசாக இருந்தால் சலைன் கொண்டு கழுவுதல், பிரிசர்வேட்டிவ் இல்லாத செயற்கைக் கண்ணீர், ஆன்டிபயாட்டிக் சொட்டு, மருத்துவர் மேற்பார்வையில் ஸ்டீராய்டு சொட்டு. அழற்சியால் இமைக்குள் சவ்வு போலப் படியும் கசிவை (பொய்ச்சவ்வு) அவ்வப்போது எடுக்க வேண்டும். கண்ணாடிக் குச்சியால் மடிப்பைப் பிரித்துவிட்டால் இமை ஒட்டாது என்று நம்பி அதோடு நிறுத்துவது போதாது. ஒரு இமை விளிம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாயம் ஏறினாலோ கருவிழியில் புண் விரிந்தாலோ, முதல் 5 முதல் 7 நாட்களுக்குள் பனிக்குடச் சவ்வு (கருவில் குழந்தையைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு) வைப்பது நல்லது. அது இமை விளிம்பையும் சேர்த்து மூட வேண்டும். வளையத்தில் பொருத்தி வரும் சவ்வு கருவிழியை மட்டுமே காக்கும், விளிம்பு திறந்தே கிடக்கும்.

விளிம்புக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? தழும்பாகும்போது அங்கே தோல் போல் தடித்த படலம் வளர்கிறது. ஒவ்வொரு இமைப்பும் கருவிழியை உப்புத்தாள் போலத் தேய்க்கும். உள்நோக்கி வளரும் இமைமுடியும் கூடச் சேர்ந்து குத்தும். பிடுங்கினால் சில வாரத்தில் மறுபடி முளைக்கும். உதட்டின் உட்சவ்வை எடுத்து விளிம்பில் ஒட்டும் அறுவை சிகிச்சை, கருவிழி மங்கத் தொடங்குமுன் செய்தால் பலன் அதிகம். வெண்விழி மேல் அமரும் பெரிய கான்டாக்ட் லென்ஸான ஸ்க்ளீரல் லென்ஸ் தனக்கடியில் சலைனைத் தேக்கிவைத்துக் கருவிழியை ஈரமாகவே வைத்திருக்கும்.

‘தானமாகக் கிடைத்த கருவிழியை மாற்றிவிட்டால் சரியாகாதா?’ என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. கண்ணீரும், கருவிழி ஓரத்தில் இருந்து அதன் மேற்படலத்தைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்லும் இல்லாத கண்ணில் அது பெரும்பாலும் தங்காது. இரு கண்ணும் போனவர்களுக்குச் சொந்தப் பல்லையும் எலும்பையும் செதுக்கி, நடுவில் பிளாஸ்டிக் லென்ஸ் பொருத்தும் செயற்கைக் கருவிழி வரை போக வேண்டியிருக்கிறது.

காரணமான மருந்தின் வேதிப்பெயரை அட்டையில் எழுதிப் பையில் வைத்திருங்கள். பிராண்ட் பெயர் கடைக்குக் கடை மாறும். கார்பமசெபின் ஒத்துக்கொள்ளாதவருக்கு ஃபெனிடாயினும் ஃபீனோபார்பிட்டோனும் அதே விளைவைத் தரலாம், அவற்றையும் சேர்த்தே எழுதுங்கள்.