நிறமாலையில் முளைக்கும் பொய் முகடுகள்

ஒரு மோட்டாரின் அதிர்வைப் பதிவு செய்து, அதிர்வை அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியே உருமாற்றத்தின் மூலம் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு திறன் இருக்கிறது என்று நிறமாலையாக வரைந்து பார்ப்பவருக்கு முதலில் கிடைப்பது சீரான வளைகோடு அல்ல. புல்தரை போலச் சிலிர்த்து நிற்கும் நூற்றுக்கணக்கான கூர்முனைகளே. அவற்றில் எது இயந்திரத்தினுடையது, எது தற்செயலாக எழுந்தது என்று கண்ணால் பிரிக்க முடியாது.

இன்னும் அதிக நேரம் பதிவு செய்தால் கூர்முனைகள் அடங்கிவிடும் என்றே பலரும் எண்ணுகின்றனர். அவை அடங்குவதில்லை. 1898இல் ஆர்தர் ஷூஸ்டர் பீரியடோகிராம் என்று பெயரிட்ட இந்தக் கணிப்பில், பதிவின் நீளம் இரட்டித்தால் அதிர்வெண் புள்ளிகளும் இரட்டிக்கின்றன; கூடுதல் தரவு முழுவதும் புதிய புள்ளிகளுக்கே பங்காகிவிடுவதால், பழைய புள்ளிகளைச் செம்மைப்படுத்த எதுவும் மிஞ்சுவதில்லை.

எல்லா அதிர்வெண்களிலும் ஒரே அளவு திறன் கொண்ட வெண்ணிரைச்சலை எடுத்துக்கொள்வோம். அதன் உண்மையான நிறமாலை ஒரு கிடைக்கோடு. ஆனால் கணிப்பில் ஒவ்வொரு புள்ளியின் திட்டவிலக்கமும், அதாவது ஏற்ற இறக்கத்தின் அளவும், சராசரிக்குச் சமமாக இருக்கிறது. நூறு புள்ளிகளில் ஏறத்தாழ 5 புள்ளிகள் சராசரியைப் போல 3 மடங்கைத் தாண்டும்; ஏறத்தாழ 10 புள்ளிகள் சராசரியில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். அந்த ஐந்தில் ஒன்றைக் காட்டி, பேரிங் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டுவது மிக எளிது. ஆகவே இத்தகைய கூர்முனைகளைச் சராசரியால் அடக்கும் மென்மையாக்குதலை நான் படத்துக்குப் பூசும் மெருகாகக் கருதுவதில்லை. அது அளவீட்டின் ஒரு பகுதியே.

மாரிஸ் பார்ட்லெட் 1948இல் முன்வைத்த வழி எளிமையானது: பதிவைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் திறன் நிறமாலையையும் கணித்துச் சராசரி எடுப்பது. 1967இல் பீட்டர் வெல்ச், துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று பாதியளவு படியவைத்து, ஓரங்களில் படிப்படியாகத் தேயும் சாளரச் சார்பால் பெருக்கும் முறையைத் தந்தார். இதற்கு ஒரு விலை உண்டு. 64 விநாடிப் பதிவை முழுதாக ஆராய்ந்தால் புள்ளிகளின் இடைவெளி 1/64 ஹெர்ட்ஸ். அதையே ஒவ்வொன்றும் ஒரு விநாடி நீளமுள்ள 64 துண்டுகளாக்கினால், ஏற்ற இறக்கம் எட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது, ஆனால் இடைவெளி 1 ஹெர்ட்ஸாக விரிகிறது, 50.0, 50.4 ஹெர்ட்ஸில் நிற்கும் இரண்டு முகடுகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. சராசரியைத் திறனில்தான் எடுக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்: இரைச்சலின் டெசிபல் (திறனின் மடக்கை அளவு) மதிப்புகளைச் சராசரி செய்தால், விடை ஏறக்குறைய 2.5 டெசிபல் குறைவாக வரும்.

துண்டின் நீளத்தை ஒரே தடவையில் முடிவு செய்யாமல், 1 விநாடி, 4 விநாடி, 16 விநாடி என்று கூட்டிக்கொண்டே போய்ப் பார்ப்பது நல்லது. தற்செயல் முகடு இடம் மாறும் அல்லது மறையும். தூய ஒற்றைச் சுருதி அதே இடத்தில் மேலும் மெலிந்து உயரும். கட்டமைப்பின் ஒத்ததிர்வாக இருந்தால், ஓர் அகலத்துக்குக் கீழே அது மெலிய மறுத்து நின்றுவிடும். அந்த அகலத்திலிருந்துதான் பொறியாளர் அக்கட்டமைப்பின் தணிப்பை, அதாவது அதன் அதிர்வு எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்பதை, கணக்கிடுகிறார்.