பத்தொன்பது விநாடி மௌனம்

போன கார்த்திகையில் ஒரு பின்னேரம். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து அக்காவின் மகள் போனில் செஸ் ஆடிக்கொண்டிருந்தாள். சாரல் அடிக்கத் தொடங்கியதும் எழும்பிப் பின்னறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து சத்தம்: "மாமா, லைன் போயிட்டுது!" நான் போய்ப் பார்த்தபோது பலகையில் அவளுக்கு ஒரு அரசி கூடுதல், கடிகாரத்தில் 19 விநாடி மிச்சம். மேலே ‘மீண்டும் இணைகிறது’ என்ற வரி. அது மறைந்தபோது நேரம் முடிந்து, ஆட்டமும் தோற்றிருந்தது.

ஆனால் கரண்ட் போகவில்லை. ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. முன்னறையில் என் போனில் வாட்ஸ்அப் செய்திகள் வந்துகொண்டிருந்தன. அப்படியானால் அறுந்தது எது?

இணைப்பு என்றதும் இங்கிருந்து அங்குவரை இழுத்துக் கட்டிய ஒரு கயிறு மாதிரித்தான் மனதில் தோன்றும். அப்படி ஒன்று இல்லை. அவள் ஆடும் லிசெஸ் தளத்தின் சேர்வர்கள் பிரான்சில் இருக்கின்றன. அவளுடைய போனுக்கும் அந்தச் சேர்வருக்கும் இடையில் இருப்பது இரண்டு பக்கமும் ஞாபகத்தில் வைத்திருக்கும் ஓர் உடன்பாடு மட்டுமே. இந்தப் பக்கத்து ஐபி முகவரி (வலையில் கருவிக்குரிய எண்), போர்ட் எண் (கருவிக்குள் எந்தச் செயலிக்கு என்று காட்டும் எண்), அந்தப் பக்கத்து ஐபி முகவரி, போர்ட் எண் ஆகிய நாலையும் வைத்துத்தான் இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் காண்கிறார்கள். கணினி விஞ்ஞானிகள் வின்ட் செர்ஃபும் பாப் கானும் 1974இல் வகுத்து வெளியிட்ட, இணையத்தில் செய்திகளைத் தவறாமல் கொண்டுசேர்க்கும் டிசிபி முறை இன்றும் இப்படித்தான் ஓடுகிறது. நாலில் ஒன்று மாறினாலும் பழைய உடன்பாடு செல்லாது. புதிதாக ஒன்று போட வேண்டும்.

அந்த உடன்பாடு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழி, கேட்பதுதான். சில விநாடிக்கு ஒருமுறை போன் ‘இருக்கிறாயா’ என்று ஒரு சின்னச் செய்தி அனுப்பும், சேர்வர் ‘இருக்கிறேன்’ என்று பதில் தரும். போய்வர ஆகும் நேரத்தைத்தான் பிங் என்கிறோம். பதில் வராவிட்டால்? போனுக்குத் தெரிவது மௌனம் மட்டும். சேர்வருக்கும் அதேதான். நீங்கள் உலாவியின் பக்கத்தை மூடினால் அது ‘போகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போகும். கரண்ட் போனாலோ சிக்னல் விழுந்தாலோ சொல்லிக்கொள்ள ஆளில்லை. அந்தப் பக்கத்தில் இருப்பவர் தோற்கப்போகிறோம் என்று எழும்பிப் போனாரா, போன் பேசுகிறாரா, ஊரே இருட்டில் கிடக்கிறதா என்பதைச் சேர்வரால் பிரித்தறிய முடியாது. ஆகவே தளங்கள் பொதுவாகச் செய்வது ஒன்றுதான்: எவ்வளவு நேரம் மௌனத்தைப் பொறுப்பது என்று ஓர் எல்லை வைப்பது. அது தாண்டினால் லிசெஸ்ஸில் எதிராளிக்கு வெற்றியைக் கோரும் உரிமை கிடைக்கும். அதற்குள் உங்கள் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதில் ஆட்டக்காரர் பலருக்குத் தெரியாத ஓர் இடம் உண்டு. அனுப்பிய செய்திக்கு ஒப்புகை வராவிட்டால் டிசிபி அதை மறுபடி அனுப்பும். ஆனால் விடாமல் அனுப்பாது. வழியில் நெரிசல் இருந்தால் அதை இன்னும் கூட்டக்கூடாது என்பதற்காக, ஒவ்வொரு தடவையும் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கும். அரை விநாடி, ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு. இப்போது யோசியுங்கள். எட்டு விநாடி சிக்னல் இல்லாமல் இருந்து திரும்பி வந்துவிட்டது. வழி திறந்திருக்கிறது. ஆனால் உங்கள் நகர்வு அடுத்த முயற்சிக்கான நேரம் வரும்வரை போனுக்குள்ளேயே குந்திக்கொண்டிருக்கும். இப்படிச் சிக்கும்போது பக்கத்தை மீளத் திறந்தால் சட்டென்று சரியாவது இதனால்தான். பழைய உடன்பாட்டைக் கைவிட்டுப் புதியதைப் போடுகிறீர்கள். பலகையும் கடிகாரமும் சேர்வரில்தான் இருக்கின்றன, அங்கே ஒன்றும் அழியாது.

‘பெரிய பேக்கேஜ் போட்டால் சரிவரும்’ என்று எங்கள் வீட்டிலும் பேச்சு வந்தது. சரிவராது. ஒரு நகர்வு என்பது எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு என்ற நாலெழுத்து. முழு ஆட்டமும் ஒரு சின்னப் படத்தைவிடக் குறைவான தரவு. செஸ்ஸுக்கு வேண்டியது அகலம் அல்ல, தடையில்லாத வழி.

எங்கள் பக்கத்துக் கிண்ணியாவில் 2009இல் பாலம் திறப்பதற்கு முன் ‘பாதை’ என்ற, வண்டிகளையும் ஏற்றும் மிதவையில் கடந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். சைக்கிளில் வந்த ஒருவர் ஒரு நிமிடத்தில் ஏறிவிடலாம். ஆனால் முன்னால் மூன்று லொறி நின்றால் அவரும் நிற்கத்தான் வேண்டும். வீட்டு ரவுட்டரில் நடப்பது அதுவே. தம்பி ஒரு நீண்ட வீடியோவை ஏற்றத் தொடங்கினால் ரவுட்டர் அந்த வீடியோவின் சின்னத் தரவுத் துண்டுகளை, அதாவது பொதிகளை, வரிசையில் அடுக்கும். நாலெழுத்து நகர்வு அந்த வரிசையின் வாலில் போய் நிற்கும். 200 மில்லிவிநாடி இருந்த பிங் 2,000 ஆகிவிடும். ஒரு பொதிகூடத் தொலையாமலே இவ்வளவும் நடக்கும் என்பதுதான் இதன் விசேஷம். ரவுட்டர்கள் அளவுக்கு மீறிச் சேர்த்துவைப்பதால் வரும் இந்தத் தாமதத்துக்கு ஜிம் கெட்டிஸ் என்ற கணினி நிரலாளர் 2010இல் ‘பஃபர்புளோட்’ என்று பெயர் வைத்தார்.

தூரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லாரும் முதலில் குறை சொல்வது அதைத்தான். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீற்றர் போகும். திருகோணமலையிலிருந்து பாரிசுக்கு நேர்கோட்டில் சுமார் 8,500 கிலோமீற்றர். போய்வர 85 மில்லிவிநாடி. இதற்குக் கீழே இறங்க இயற்கை விடாது. ஆனால் நம் ஊரில் பெரிய துறைமுகம் இருந்தாலும் கடலடிக் கேபிள்கள் ஏறுவது தெற்கிலும் மேற்கிலும்தான்: 2005இல் வந்த சீ-மீ-வீ 4 கொழும்பில், 2016இல் வந்த சீ-மீ-வீ 5 மாத்தறையில். நம் நகர்வு முதலில் தீவைக் குறுக்கே கடந்து, பிறகு அரபிக்கடல், செங்கடல், எகிப்து, மத்தியதரைக்கடல் என்று போகிறது. அதனால் பிங் 150, 200 என்று நிற்கும். 2025 செப்டெம்பரில் ஜித்தாவுக்கு அருகே கேபிள்கள் சேதமானதுபோல் ஏதாவது நடந்தால் சுற்றுவழியில் இன்னும் கூடும். ஆனாலும் 200 மில்லிவிநாடி ஆட்டத்தைக் கெடுக்காது. ஒரே சீராக இருந்தால் போதும்.

அந்தத் தாமதத்தை ஈடுசெய்யும் வேலையும் பழையது. டெல்நெட் (வெறும் எழுத்தால் தூரத்துக் கணினியோடு பேசும் முறை) வழியாக ஆடும் முதல் இணையச் செஸ் சேர்வர் 1992இல் வந்தபோது, வழியில் போன நேரமெல்லாம் ஆட்டக்காரரின் கடிகாரத்திலிருந்துதான் கழிந்தது. பிறகு வந்த சேர்வர்களில் ஆட்டக்காரரின் கணினியிலேயே ஒரு சிறு நிரல் ஓடி, எதிராளியின் நகர்வு திரைக்கு வந்ததிலிருந்து யோசித்த நேரத்தை அளந்து அனுப்பியது. இன்றைக்கு லிசெஸ்ஸும் உங்கள் பிங்கை மதிப்பிட்டு, ஓர் எல்லைக்குள், அதைக் கடிகாரத்துக்குத் திருப்பித் தருகிறது. ஆனால் இது தாமதத்துக்கான நிவாரணம். அறுந்துபோன நேரத்துக்கு இல்லை. அதையும் திருப்பித் தந்தால், யோசிக்க நேரம் வேண்டிய ஒவ்வொருவரும் நெட்டை நிறுத்திவிட்டு யோசிப்பார்கள்.

இந்த விதியின் கடுமை உச்சத்தில் இருப்பவர்களையும் விட்டதில்லை. 2020 ஓகஸ்ட் 30, இணையவழி ஒலிம்பியாட் இறுதிப் போட்டியில் இந்தியாவின் நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் இணைப்பு அறுந்து நேரம் முடிந்து தோற்றார்கள். அன்று அவர்கள் வீட்டில் எந்தக் கோளாறும் இல்லை. உலகளாவிய ஓர் இணையத் தடங்கலில் தளமே பலருக்கு எட்டாமல் போயிருந்தது. உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே இந்தியாவையும் ரஷ்யாவையும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவித்தது. அதே வருடம் ஓர் இணையத் தொடரில் டிங் லிரென் இணைப்பு அறுந்து தோற்றபோது, அவரோடு ஆடிய அப்போதைய உலகச் சாம்பியன் மக்னஸ் கார்ல்சன் அடுத்த ஆட்டத்தில் வேண்டுமென்றே அரசியைக் கொடுத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார். சேர்வரால் செய்ய முடியாத ஒன்றை அவர் செய்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. மௌனத்துக்குப் பின்னால் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சரி, எங்கள் பின்னறைக்கு வருவோம். மழை வைஃபையைக் கெடுத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தோம். வீட்டுத் தூரத்தில் மழைத்துளி வைஃபை அலையைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. செய்தது இரண்டு சுவரும், இடையில் நிற்கும் இரும்பு அலுமாரியும். பின்னறையில் வைஃபை மெலிந்ததும் போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்கு மாறியது. மாறியதும் ஐபி முகவரி வேறு. நாலு எண்ணில் ஒன்று போயிற்று, உடன்பாடு செத்தது. சிக்னல் கோடுகள் நிறைய இருந்ததால் ஏதும் பிழை என்று பார்வைக்குத் தெரியவில்லை. மழைக்கு அவள் இடம் மாறினாள், இடம் மாறியதால் போன் வழி மாறியது. இப்போது ஆட உட்காரும்போது மொபைல் டேட்டாவை நிறுத்திவிடுகிறாள்.

டேட்டாவில் மட்டும் ஆடுகிறவர்களுக்கு வேறொரு பொறி. போனிலோ வலையமைப்பிலோ 4ஜி வழியாகவே குரல் அழைப்பு எடுக்கும் வசதி இல்லாவிட்டால், அழைப்பு வந்ததும் போன் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கும். அந்த நேரம் டேட்டா திணறும், அல்லது நின்றேவிடும். மாமி எடுத்த ஒரு அழைப்பில் ஆட்டம் போவது இப்படித்தான். கடலோர வீடுகளில் இன்னொன்று, செம்புக் கம்பியில் வரும் இணைப்பாக இருந்தால் உப்புக்காற்றில் மூட்டுகள் பச்சை பூத்து, மழை நனைத்ததும் விட்டுவிட்டு அறுக்கும். அதைத் திறந்து பார்த்தாலே தெரியும்.

எங்கே பிழை என்று கண்டுபிடிக்க ஒரு கணினியும் பத்து நிமிடமும் போதும். ஒரு சாளரத்தில் வீட்டு ரவுட்டரின் முகவரிக்குத் தொடர்ந்து பிங் கட்டளை கொடுங்கள், பக்கத்துச் சாளரத்தில் வெளியே ஒரு முகவரிக்கு. இரண்டும் ஒன்றாகத் தடுமாறினால் பிழை வீட்டுக்குள். ரவுட்டர் இரண்டு மூன்று மில்லிவிநாடியில் ஒழுங்காகப் பதில் தந்து, வெளியே மட்டும் குதித்தால், முதலில் வீட்டில் யார் என்ன ஏற்றுகிறார்கள் என்று கேளுங்கள். யாரும் ஏற்றவில்லையென்றால் பிழை தெருவிலோ அதற்கு அப்பாலோ. நான் பின்னறையில் செய்து பார்த்தபோது, பத்தடி தூரத்து ரவுட்டரே 900 மில்லிவிநாடி எடுத்தது. பிரான்ஸ் வரை போய்வருவதைவிட நாலு மடங்குக்கு மேல்.

ரவுட்டரை நடு அறைக்கு மாற்றினோம். அதற்கென ஒரு சின்ன பற்றரிப் பெட்டியும் வாங்கி வைத்தோம். 3 நிமிட ஆட்டத்தை விட்டு, ஒவ்வொரு நகர்வுக்கும் 5 விநாடி சேரும் 10 நிமிட ஆட்டத்துக்கு மாறினாள். போன கிழமை மழையில் தெருவே இருண்டது. எதிர்ப்பக்கம் ஆடிக்கொண்டிருந்தவர், எந்த நாட்டுக்காரரோ, அவருக்கு ஒன்றும் தெரியாது. மெழுகுதிரி வெளிச்சத்தில் இவள் கோட்டையை நகர்த்தினாள்.