போர்ச் கூரைக்குக் காற்றுவழி: அமெரிக்கக் கட்டட விதி என்ன கேட்கிறது?

வீட்டு அட்டிக்குக்கு, அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடத்துக்கு, காற்றுவழி வேண்டும் என்பது அமெரிக்காவில் வீடு கட்டும் எவருக்கும் தெரியும். பக்கங்கள் திறந்து கிடக்கும் போர்ச்சுக்கு (வீட்டு வராந்தா) எதற்கு?

அது சீலிங்கைப் பொறுத்தது. அண்ணாந்து பார்த்தால் கைமரங்கள் தெரிகின்றனவா? அப்படியானால் அடைபட்ட இடமே இல்லை, கவலையும் இல்லை. கைமரங்களுக்கு அடியில் பலகையோ வினைலோ அடித்து மூடினால்தான் ஐ.ஆர்.சி. குடியிருப்பு விதித்தொகுப்பின் ஆர்806 பிரிவு குறுக்கே வருகிறது. அப்படி மூடிய ஒவ்வொரு இடைவெளிக்கும் குறுக்குக் காற்றோட்டம் வேண்டும் என்கிறது அது.

திறப்பின் அளவு, மூடிய இடத்தின் பரப்பில் 150-ல் ஒரு பங்கு. 30 அடிக்கு 10 அடி போர்ச் என்றால் 300 சதுர அடி; திறப்பு 2 சதுர அடி, அதாவது 288 சதுர அங்குலம். இது வலையும் தகடும் மறைத்தது போக மிஞ்சும் நிகரத் திறப்பு. கடையில் வாங்கும் சோஃபிட் பட்டையில் (கூரை விளிம்பின் அடிப்பக்கத்தில் பொருத்தும் துளைப்பட்டை) ‘அடிக்கு 9 சதுர அங்குலம்’ என்று போட்டிருந்தால் 32 அடி தேவை. முன்பக்கம் இருப்பதோ 30 அடி!

இங்கேதான் சலுகை உதவும். திறப்பில் 40 முதல் 50 சதவீதத்தை உச்சியிலிருந்து 3 அடிக்குள் வைத்து, மீதியைக் கீழே வைத்தால் 300-ல் ஒரு பங்கு, அதாவது 144 சதுர அங்குலம் போதும். குளிர் மிகுந்த 6, 7, 8-ஆம் தட்பவெப்ப மண்டலங்களில் இதற்கு நீராவித் தடுப்பும் கேட்பார்கள். வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கும் போர்ச்சுக்கு ரிட்ஜ் (இரு சரிவுகள் சேரும் முகடு) கிடையாது. மேல்திறப்பை, கூரை சுவரைத் தொடும் இடத்தில் அதற்கென்று உள்ள வென்ட் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். அங்கே மழைநீர் இறங்காமல் பார்ப்பது தனி வேலை.

திறப்புகள் கால் அங்குலத்துக்கு மேல் அகலமானால் துருப்பிடிக்காத வலையோ அதுபோன்ற மறைப்போ கட்டாயம்.

சமையல், குளியல் ஈரம் ஏறும் அட்டிக்கோடு ஒப்பிட்டால் போர்ச்சுக்கு ஆபத்து குறைவுதான். அதனால் சில இன்ஸ்பெக்டர்கள் கண்டுகொள்வதில்லை. ஆனாலும் முடிவு உள்ளூர்க் கட்டட அதிகாரியுடையது. மாநிலத் திருத்தங்களும் உண்டு. சீலிங் அடிப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். அப்புறம், கூரையில் வேயும் ஷிங்கிள் ஓடுகளின் உத்தரவாதச் சீட்டையும் ஒருமுறை படியுங்கள். காற்றோட்ட நிபந்தனை பெரும்பாலும் அதிலும் இருக்கும்.