பிரீதர்: ஒரே பெயரில் இரண்டு பொருள்கள்

சென்னை காசிமேட்டில் தடைக்காலம் என்பது வலைக்கும் இன்ஜினுக்கும் வைத்தியம் பார்க்கிற காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் துறைமுகத்துப் பக்கம் போனால் 'பிரீதர்' என்ற சொல் காதில் விழாமல் இருக்காது. "பிரீதர்ல பொகை தள்ளுது", "பிரீதரைக் கழட்டி சுத்தம் பண்ணு" என்று ஏதாவது ஒரு படகிலிருந்து குரல் வரும்.

இந்தச் சொல்லால் எங்கள் வீட்டில் ஒரு சீசனின் தொடக்கமே பாழானது. எங்கள் படகில் இருப்பது ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின். அதன் பின்பக்கத்தில் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம், அதாவது ஆயில் சீல், கசிந்தது. கியர்பாக்ஸை இறக்கி சீலை மாற்றினார்கள். முதல் தங்கல் (கடலிலேயே சில நாள் தங்கி மீன்பிடிப்பது) போய் வந்ததும் மறுபடி கசிவு. மறுபடி இறக்கி, மறுபடி மாற்றி, மறுபடி கசிவு. அப்பா பட்டறைக்காரரிடம், "பிரீதரைப் பாத்தீங்களா?" என்று கேட்டார். "பாத்துட்டோம்ணே, சுத்தமா இருக்கு" என்றார் அவர். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது ரப்பர் குழாயை. அப்பா கேட்டது குழாய்க்கு முன்னால் இருக்கும் டப்பாவை. எங்கள் பக்கத்தில் இரண்டுக்கும் பெயர் பிரீதர்தான்.

அந்த டப்பாதான் ஆங்கிலத்தில் 'கிராங்க் கேஸ் ஆயில் செப்பரேட்டர்'. அது என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் சரியான தமிழ்ப் பெயரும் கிடைக்கும்.

சிலிண்டருக்குள் டீசல் எரியும்போது உண்டாகும் அழுத்தம் முழுவதும் பிஸ்டனைத் தள்ளப் போவதில்லை. கொஞ்சம் வாயு ரிங்குகளின் இடுக்கு வழியாகக் கீழே கசிந்து, இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸுக்குள் இறங்கும். நம் மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்று சொல்வது இதைத்தான். புது இன்ஜினிலும் இது உண்டு, பழைய இன்ஜினில் அதிகம். உள்ளே சூடான ஆயில் சிதறிக்கொண்டே இருப்பதால், அந்த வாயு ஆயிலைப் பனிபோலச் சுமந்துகொண்டு வெளியேற வழி தேடும். அந்த வழிதான் பிரீதர். திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட்டை ஓட்டியவர்களுக்கு அந்தக் குழாயும் அதன் நுனியில் சொட்டும் ஆயிலும் நன்றாகத் தெரியும். வாயுவை வெளியே விடாமல், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் காற்று வழிக்கே திருப்பி அனுப்பும் இன்ஜின்களில் ஆயில் பனியை முதலில் பிரித்தெடுத்தாக வேண்டும். பிரித்த ஆயில் ஒரு சிறு குழாய் வழியாகச் சேம்பருக்கு, அதாவது அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்கு, திரும்பும்.

இப்போது சொல்லுக்கு வருவோம். 'பிரீதர்' ஆங்கிலத்தில் மூச்சைக் குறிக்கும் 'பிரெத்' என்ற சொல்லின் வழி வந்தது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு முதல் பொருள் மூச்சு இல்லை. வாடை, சூடான பொருளிலிருந்து எழும் ஆவி என்பதுதான் பழைய பொருள். மூச்சு என்ற பொருள் பின்னால் வந்தது. நம் 'ஆவி'யும் அப்படித்தான், இட்லிப் பானையில் எழுவதும் ஆவி, உயிர்மூச்சும் ஆவி. புகைபோக்கி என்று ஏற்கெனவே ஒரு நல்ல சொல் இருப்பதால், பிரீதருக்கு 'ஆவிபோக்கி' என்று வைக்கலாம் என்று நினைத்தேன். அம்மாவிடம் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "கடலுக்குப் போற படகுல வைக்கிற சாமானுக்கு அந்தப் பேரா?" என்றார். அவர் சொன்னது சரி. ஆவி போவது என்றால் நம் வீடுகளில் வேறு பொருள். 'மூச்சுக்குழாய்' போதும். இன்ஜின் மூச்சு விடுகிறது என்று மீனவர்கள் ஏற்கெனவே பேசுவதுதான்.

'கிராங்க்' என்றால் வளைந்தது. பழைய ஆங்கிலத்தில் நெசவாளரின் கருவி ஒன்றின் பெயரிலும் இந்தச் சொல் இருந்தது. தமிழில் இதற்கு நேரான சொல் 'வணர்'. புறநானூற்றில் 'வணர்கோட்டுச் சீறியாழ்' என்று வரும், வளைந்த தண்டுடைய சிறிய யாழ். பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட்டை 'வணரித்தண்டு' என்று எழுதுகிறவர்கள் இந்த வேரைத்தான் பிடித்திருக்கிறார்கள். யாழின் வளைவும் இன்ஜினின் வளைவும் ஒரே சொல்லில் வருவதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். 'கேஸ்' லத்தீனில் பெட்டியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. நெஞ்சுக்கூடு என்பதுபோல 'வணரிக்கூடு' என்று சொன்னால் மூச்சுக்குழாயோடு நன்றாகப் பொருந்தும்.

சரி, செப்பரேட்டர்? 'எண்ணெய் பிரிப்பான்' என்பது நேர்ப் பெயர்ப்பு, தப்பில்லை. 'வடிகட்டி' என்பதுதான் தப்பு. வடிகட்டி சக்கையைப் பிடித்து வைத்துக்கொண்டு நீரைக் கீழே விடும். இங்கே நடப்பது வேறு. கண்ணுக்குத் தெரியாத ஆயில் துளிகள், டப்பாவுக்குள் இருக்கும் எலிமென்ட் என்ற பாகத்தின் இழைகளில் மோதி, ஒன்றோடு ஒன்று ஒட்டி, பெரிய சொட்டாகிக் கீழே இறங்குகின்றன. இதற்குத் தமிழில் 'திரளுதல்' என்று பெயர். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை யாருக்குத் தெரியாது?

பாலை இங்கே சும்மா இழுக்கவில்லை. சுவீடன் நாட்டு குஸ்தாவ் டி லாவால் 1878-இல் பாலிலிருந்து கிரீமைப் பிரிக்கும் சுழல் இயந்திரத்தை உருவாக்கினார். கனமான பால் வெளிப்பக்கம் ஒதுங்கும், இலேசான கிரீம் நடுவில் சேரும். மாதவரம் பால் பண்ணையில் வேலை பார்த்தவர்களுக்கு 'செப்பரேட்டர்' என்றால் இந்த வகை இயந்திரம்தான் நினைவுக்கு வரும். இன்று சில பெரிய லாரி இன்ஜின்களில் இருக்கும் சுழல் வகை ஆயில் செப்பரேட்டரும் அதே வழிதான். அடுக்கி வைத்த கூம்புத் தட்டுகள் வேகமாகச் சுழல, கனமான ஆயில் துளிகள் தட்டுகளில் திரண்டு ஓரத்துக்குத் தெறிக்கும், வாயு தனியே போகும். அதனால் என் தேர்வு 'எண்ணெய் திரட்டி'. தேங்காய்த்துருவி, பாக்குவெட்டி என்று நம் வீட்டுச் சாமான்களுக்கு வைத்த பெயர்களின் அச்சு அது. செய்யும் வேலை பெயரிலேயே இருக்கிறது.

அந்த வேலை தெரிந்தால் சர்வீஸும் தெளிவாகும். இழை எலிமென்ட்டைக் கழுவக் கூடாது, இன்ஜின் ஓடிய நேரத்துக்கு மேனுவலில் உள்ள மணிக்கணக்குப்படி மாற்ற வேண்டும். கம்பி வலை வகை என்றால் டீசலில் அலசி, நன்றாகக் காயவைத்துப் போடலாம். இன்ஜின் நின்று ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும், மூடியின் ரப்பர் வளையமான ஓ ரிங்கைப் புதிதாகப் போட வேண்டும். பலர் விட்டுவிடுவது ஆயில் திரும்பும் சிறு குழாயையும் அதிலுள்ள ஒருவழி வால்வையும். அது அடைத்தால் திரண்ட ஆயில் சேம்பருக்குப் போகாமல் டர்போவுக்குப் போகும். எலிமென்ட் விலை அதிகம் என்று காலி டப்பாவாக ஓட்டுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். ஆயில், டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் தேங்கி, ஒரு நாள் சிலிண்டருக்குள் இழுக்கப்பட்டால், டீசலை நிறுத்தினாலும் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்துத் தறிகெட்டு ஓடும். நடுக்கடலில் அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

எங்கள் படகில் மூன்றாவதாக வந்த மெக்கானிக் சீலைத் தொடவே இல்லை. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் துளையில் ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாயைச் செருகி, 'யு' போல வளைத்துத் தண்ணீர் ஊற்றி, இன்ஜினை ஓட்டினார். தண்ணீர் ஒரு பக்கம் ஏறிப் போய் நின்றது. உள்ளே அழுத்தம் அடைபட்டிருக்கிறது, போக வழியில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயில் வருகிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. டப்பாவைத் திறந்தார். எலிமென்ட் தார் உருண்டைபோல இருந்தது. புதிது போட்டுப் பார்த்ததும் தண்ணீர் இறங்கிவிட்டது. அப்போதும் இறங்காவிட்டால் ரிங்கையோ சிலிண்டரின் உட்சுவரான லைனரையோ சந்தேகப்பட வேண்டும் என்றார். அப்புறம்தான் சீலை மாற்றினோம், கடைசி முறையாக.

இப்போது எங்கள் இன்ஜினில் குழாயின் மேல் வெள்ளை பெயின்ட்டில் 'மூச்சுக்குழாய்' என்றும், டப்பாவின் மேல் 'எண்ணெய் திரட்டி' என்றும் எழுதியிருக்கிறோம். அதற்குக் கீழே எலிமென்ட் மாற்றிய தேதியும் அன்றைய மணிக்கணக்கும்.