உங்கள் பணத்துக்கு வங்கி ஏன் கணக்குக் கேட்கிறது?

வட சென்னை காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். அந்த நாட்களில் விசைப்படகு உரிமையாளரின் கணக்கில் பணம் வருவது அரிது. வலைக்கும் இன்ஜின் வேலைக்கும் போவதுதான் அதிகம். தடை முடிந்து முதல் நடை கரை சேர்ந்ததும், ஒரே வாரத்தில் லட்சக்கணக்கில் ரொக்கம் கணக்கில் ஏறும். ஏரியாவில் யாருக்கும் இதில் ஆச்சரியமில்லை. ஆனால் வங்கியின் கணினி காசிமேட்டில் பிறந்ததில்லை. இரண்டு மாதமாகத் தூங்கிய கணக்கு திடீரென்று விழித்துக்கொண்டதாக அது மேனேஜருக்கு எச்சரிக்கை அனுப்பும். மேனேஜர் கூப்பிடுவார். "எம் பணத்தைப் போட நான் எதுக்கு சார் கதை சொல்லணும்?" என்று கோபம் வரும்.

கோபம் நியாயம்தான். ஆனால் கேள்வி வருவது மேனேஜரின் சந்தேக புத்தியால் அல்ல. அதற்குப் பின்னால் இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, பணம் எங்கிருந்து வந்தது என்பது பற்றியது; அது சட்டத்துக்காக. மற்றொன்று, பணம் எங்கே போகிறது என்பது பற்றியது. அது பெரும்பாலும் உங்களுக்காக. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் கவுண்டரில் சண்டை வருகிறது.

முதலில், பணம் எங்கிருந்து வந்தது

சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம் 2002-ல் நிறைவேறி, 2005 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் விதிகளின்படி, ஒரு கணக்கில் ஒரு மாதத்தில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் ரொக்கம் புரண்டால், டெல்லியில் நிதி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு வங்கி தகவல் தர வேண்டும். நீங்கள் தப்பு செய்தீர்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. அது வழக்கமாகப் போகும் மாதாந்தர அறிக்கை.

இதைக் கேள்விப்பட்டு, "அப்போ மூணு மூணு லட்சமா பிரிச்சுப் போட்டுடலாம்" என்று யோசனை சொல்ல நாலு பேர் இருப்பார்கள். கேட்காதீர்கள். ஒன்றோடொன்று தொடர்புள்ள சிறு தொகைகளைக் கூட்டிப் பார்க்கவும் அதே விதியில் இடமிருக்கிறது. மேலும், பிரித்துப் போடுவதே சந்தேகத்துக்குரிய அடையாளம். நேர்மையான பணத்தைத் திருட்டுப் பணம் போலக் காட்டிக்கொள்வதில் என்ன லாபம்?

சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை என்று இன்னொன்று உண்டு. அதற்குத் தொகை வரம்பே கிடையாது. 40 ஆயிரமாக இருந்தாலும் காரணம் புரியாத பரிவர்த்தனை என்றால் வங்கி அதை அனுப்பலாம். அனுப்பியதை உங்களிடம் சொல்லக் கூடாது என்பதும் விதி. ஆகவே "எம் பேர்ல ரிப்போர்ட் போட்டீங்களா?" என்று கேட்டால் ஊழியர் மழுப்புவார். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அவருக்கு வாய்ப்பூட்டு.

"வழக்கத்துக்கு மாறானது" என்பதை வங்கி எதை வைத்து முடிவு செய்கிறது? அநேகர் கவனிக்காத இடம் இதுதான். கணக்கு தொடங்கிய அன்று நீங்கள் நிரப்பிய படிவத்தை வைத்து. தொழில் என்ன, ஆண்டு வருமானம் எவ்வளவு என்று அதில் எழுதியிருப்பீர்கள், அல்லது உங்களுக்காக வேறு யாரோ எழுதியிருப்பார்கள். ரிசர்வ் வங்கியின் கேஒய்சி (வாடிக்கையாளரை அறிந்துகொள்ளும்) வழிகாட்டுதல்கள், வாடிக்கையாளரின் தொழிலுக்கும் வருமானத்துக்கும் பரிவர்த்தனை பொருந்துகிறதா என்று தொடர்ந்து பார்க்கச் சொல்கின்றன. பல வருடம் முன்னால் "இல்லத்தரசி, வருமானம் ஒரு லட்சத்துக்குள்" என்று எழுதிக் கணக்குத் தொடங்கிய கொருக்குப்பேட்டைப் பெண், இன்று நாலு கல்யாண மண்டபத்துக்குச் சாப்பாடு எடுத்துக் கொடுக்கும் தொழில் நடத்தலாம். வங்கியின் கண்ணுக்கு அவர் இன்னும் பழைய இல்லத்தரசிதான். அவர் கணக்கில் மாதம் ஆறு லட்சம் ஓடினால் எச்சரிக்கை மணி அடிக்காமல் என்ன செய்யும்?

இதற்கு மருந்து மிகச் சுலபம். கிளைக்குப் போய், தொழிலையும் வருமானத்தையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். வியாபாரப் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் ஓட்டாமல் நடப்புக் கணக்குத் தொடங்குங்கள். எம்.சி. ரோடு ஜவுளிக் கடைக்காரருக்கு இது தெரியும். நடைபாதையில் கியூஆர் அட்டை மாட்டிக் கடை போடுபவருக்கு யாரும் சொல்வதில்லை.

கேள்வி வந்தால் காட்ட ஒரு காகிதம் இருந்தால் போதும். நகைக் கடன் பணம் என்றால் கடன் ரசீது. ஓய்வுபெற்றபோது வந்த பிஎஃப், கிராஜுவிட்டி என்றால் நிறுவனத்தின் கடிதம். மீன் ஏலப் பணம் என்றால் ஏலம் விட்டவர் எழுதிக் கொடுத்த கணக்குச் சீட்டு, படகின் பதிவுச் சான்று. சீட்டுப் பணம்தான் சிக்கல். பதிவு செய்த சீட்டு நிறுவனம் என்றால் ரசீதும் பாஸ்புக்கும் இருக்கும். தெருவில் அக்கா ஒருவர் பிடிக்கும் சீட்டு என்றால் காட்ட நோட்டுப் புத்தகம் மட்டும்தான். அதையாவது எடுத்துப் போங்கள். "வீட்ல இருந்த பணம்" என்ற ஒற்றை வரிப் பதில் எங்கும் எடுபடாது.

இங்கே வருமான வரிச் சட்டம் சம்பந்தப்பட்ட ஒரு கண்ணியும் உண்டு. ஒருவரிடமிருந்து ஒரே நாளில், அல்லது ஒரே விவகாரத்துக்காக, 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. பழைய படகை ஆறு லட்சத்துக்கு விற்றுக் கையில் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அந்த அபராதம், பணம் கொடுத்தவருக்கு அல்ல, வாங்கியவருக்கு. வீடு, மனை விற்கும்போது ரொக்கமாக வாங்கும் முன்பணத்துக்கு வரம்பு இன்னும் குறைவு: 20 ஆயிரத்தைத் தொடக் கூடாது. வங்கியில் போடும்போது "படகு வித்த காசு சார், முழுக்க கேஷா கொடுத்தாரு" என்று வெள்ளந்தியாகச் சொல்லும்போதுதான் பலருக்கு இது தெரிய வருகிறது. விற்பதற்கு முன்பே தெரிந்திருந்தால் காசோலையாகக் கேட்டிருக்கலாம்.

இனி, பணம் எங்கே போகிறது

இந்தக் கேள்விதான் உயிர்க் கேள்வி. பெரம்பூர் ஐசிஎஃப்-பில் முப்பது வருடம் உழைத்து ஓய்வுபெற்ற ஒருவர் கிளைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதிர்வுக்கு இன்னும் காலமிருக்கும் வைப்புத்தொகையை உடைக்க வேண்டும் என்கிறார். வட்டி நஷ்டம் என்று சொன்னாலும் பரவாயில்லை என்கிறார். முழுப் பணத்தையும் வேறு மாநிலத்தில், பெயர் தெரியாத ஒரு கம்பெனியின் நடப்புக் கணக்குக்கு ஆர்டிஜிஎஸ்-சில் அனுப்பச் சொல்கிறார். அவசரம். சட்டைப் பையில் போன் இருக்கிறது, அதில் யாரோ லைனில் இருக்கிறார்கள்.

இவை ஒவ்வொன்றும் "டிஜிட்டல் கைது" மோசடியின் அடையாளம் என்பதை அனுபவமுள்ள ஊழியர் பார்த்ததும் கண்டுகொள்வார். போலீஸ், சிபிஐ, சுங்கத்துறை என்று சொல்லி வீடியோ அழைப்பில் மிரட்டி, "உங்கள் பணத்தை ரிசர்வ் வங்கி சரிபார்த்துத் திருப்பித் தரும்" என்று அனுப்ப வைப்பார்கள். டிஜிட்டல் கைது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. 2024 அக்டோபர் 27-ல் பிரதமரே தன் வானொலி உரையில் இதைச் சொல்லி எச்சரித்தார். 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த மோசடிகளை விசாரிக்கும் பொறுப்பை சிபிஐ-யிடம் கொடுத்தது. நம் ராஜாஜி சாலையில் இருக்கும் ரிசர்வ் வங்கி அலுவலகம் உட்பட, ரிசர்வ் வங்கி எங்கேயும் தனி ஆட்களுக்குக் கணக்கு வைத்து நடத்துவதில்லை. ஆகவே அங்கே போய் உங்கள் பணம் "சரிபார்க்கப்பட" வழியே இல்லை.

மோசடிக்காரனுக்கு வங்கியின் கேள்வி முன்கூட்டியே தெரியும். அதனால் பதிலையும் அவனே சொல்லிக் கொடுத்திருப்பான். "மகளுக்குக் கல்யாணம்னு சொல்லுங்க", "இடம் வாங்கறேன்னு சொல்லுங்க", "யார்கிட்டயும் உண்மையைச் சொன்னா உங்களையும் கைது பண்ணுவோம்". வங்கி ஊழியரிடம் பொய் சொல்லும்படி ஒருவர் சொல்லிக் கொடுத்தாலே போதும், அவர் திருடன். வேறு சோதனையே தேவையில்லை. உண்மையான எந்தப் போலீஸ்காரரும் வங்கியில் என்ன பேச வேண்டும் என்று வசனம் எழுதித் தர மாட்டார்.

அந்தப் பொய்யின் விலை ஏன் இவ்வளவு பெரியது என்பதையும் சொல்ல வேண்டும். 2017 ஜூலை 6-ல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. உங்களுக்குத் தெரியாமல், உங்கள் பிழையோ வங்கியின் பிழையோ இல்லாமல், இணையம், அட்டை போன்ற வழிகளில் யாரோ பணத்தை எடுத்துவிட்டால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு நஷ்டப் பொறுப்பு இல்லை என்றது அது. நான்கிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் என்றால், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்குப் பொறுப்பு அதிகபட்சம் 10 ஆயிரம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது உங்கள் அனுமதி இல்லாமல் போன பணத்துக்கு. நீங்களே வரிசையில் நின்று, படிவத்தில் கையெழுத்துப் போட்டு, "கல்யாணச் செலவு" என்று காரணமும் சொல்லி அனுப்பிய பணத்தை இந்தப் பாதுகாப்புக்குள் கொண்டுவருவது மிகக் கடினம். கவுண்டரில் கேட்கும் கேள்விதான் கடைசிக் கதவு. அதைத் தாண்டிய பணம் நிமிடங்களில் பத்துக் கணக்குகளுக்குப் பிரிந்து போய்விடும்.

அந்தப் பத்துக் கணக்குகள் யாருடையவை? வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கத்து இளைஞர்களுக்கு இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்ல வேண்டும். "உன் அக்கவுண்டைக் கொடு, ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடு, மாசம் ஒரு தொகை தர்றேன்" என்று வருபவன் உங்கள் கணக்கில் ஓட்டப்போவது இப்படிப் பறித்த பணத்தைத்தான். இந்தக் கணக்குகளைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் மியூல்ஹன்டர் என்ற கருவியையே உருவாக்கியிருக்கிறது. போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டு வாசலில். வாடகைக்கு எடுத்தவன் அதற்குள் எண்ணை மாற்றியிருப்பான்.

வங்கி எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

எதற்கான பணம், எங்கிருந்து வந்தது, யாருக்குப் போகிறது, அவரை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். சான்று கேட்கலாம். 50 ஆயிரமும் அதற்கு மேலும் எழுதிய காசோலையின் விவரத்தை முன்கூட்டியே வங்கிக்குத் தெரிவிக்கும் முறை 2021 ஜனவரி 1 முதல் இருக்கிறது. 5 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வங்கி அதைக் கட்டாயமாக்கலாம். பெரிய காசோலை கொடுத்துவிட்டு, வங்கியிலிருந்து கேள்வி வந்தபின் அலறுவதைவிட, கொடுத்த அன்றே செயலியிலோ கிளையிலோ பதிந்துவிடுவது மேல்.

ஓடிபி, பின் நம்பர், கடவுச்சொல் ஆகியவற்றைக் கவுண்டரிலும் கேட்கக் கூடாது, போனிலும் கேட்கக் கூடாது. வங்கிகளின் சேவை அழைப்புகள் 1600 என்று தொடங்கும் எண்ணிலிருந்து வர வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. வங்கிகளின் இணைய முகவரியும் டாட் பேங்க் டாட் இன் என்று முடிய வேண்டும். 1600-லிருந்தே வந்தாலும் ஓடிபி சொல்ல வேண்டிய வேலை இல்லை. சந்தேகமாக இருந்தால் போனை வைத்துவிட்டு, பாஸ்புக்கில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

கணக்கில் பெரிய தொகை வந்ததும் "மேடம், இதை ஒரு பாலிசியில போட்டுடலாமே" என்று ஆரம்பித்தால் அது எந்த விதியும் கேட்கச் சொன்ன கேள்வி இல்லை. டார்கெட் கேட்கச் சொன்ன கேள்வி. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரலாம். வரிசையில் இருபது பேர் கேட்க "இவ்ளோ பணம் உனக்கு ஏது?" என்று ஒருமையில் அதட்டுவதற்கும் எந்த விதியும் அனுமதி தரவில்லை. லுங்கி கட்டியவரிடம் ஒரு தொனி, பேன்ட் போட்டவரிடம் ஒரு தொனி என்பது வட சென்னைக்குப் புதிதல்ல. "உள்ளே உட்கார்ந்து பேசலாம் சார்" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பணத்தை எடுக்கவோ அனுப்பவோ மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

கணக்கு முடங்கிவிட்டால்

மீன் வாங்கியவர் கியூஆர்-ரில் போட்ட 600 ரூபாய் எங்கோ மோசடி செய்த பணத்தின் ஒரு துளியாக இருந்தால்கூட, வேறு மாநிலப் போலீஸின் கோரிக்கையால் உங்கள் கணக்கு முடங்கலாம். வங்கியிடம் புகார் எண், எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகைக்கு என்ற மூன்றையும் வாங்கிக்கொண்டு, அந்த நிலையத்துக்கு விற்பனை விவரத்தை எழுதி அனுப்ப வேண்டும். தொகையையும் காலத்தையும் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்குவது சரியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. பிரச்சினைக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி மீதியை விடுவிக்கக் கேட்கும்போது இதைச் சுட்டிக்காட்டலாம்.

மோசடியில் பணத்தை இழந்திருந்தால், முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவு பணம் வழியில் நிற்க வாய்ப்பு. சைபர்க்ரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். பிறகு வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, எண் வாங்குங்கள்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன் தளத்தில் புகாரைப் பதியலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். எப்படிப் பதிவது என்று தெரியாவிட்டால் 14448-ஐக் கூப்பிட்டால் தமிழிலேயே சொல்வார்கள். வங்கிக்குக் கொடுத்த புகாரின் நகலையும் அதன் எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.