இரண்டாவது டிஸ்க் வரும்வரை பொறுக்க முடியாதா?

லினக்ஸில் ஜோடி டிஸ்கில் ஒன்று மட்டும் வந்ததுமே மவுண்ட் செய்து (பயன்பாட்டுக்கு இணைத்து) ஃபைல்களைக் குழப்பிக்கொண்ட கேஸ், இந்த மாதத்தில் இது மூன்றாவது. இம்முறை ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோ. இரண்டு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க், பிடிஆர்எஃப்எஸ் (லினக்ஸின் ஒரு ஃபைல்சிஸ்டம்) ரெய்டு-1, அதாவது ஒரே டேட்டா இரண்டு டிஸ்கிலும். வேலை இருக்கும்போது மட்டும் செருகுவார்கள். செருகியதும் தானே மவுண்ட் ஆகட்டும் என்று யாரோ யுடெவ் விதி (சாதனம் செருகப்பட்டதும் லினக்ஸ் என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பு) எழுதித் தந்திருக்கிறார். மவுண்டை யுடெவிலிருந்தே கூப்பிடாமல் பின்னணியில் ஓடும் தனி சர்வீஸ் வழியாகப் போயிருக்கிறார். அந்த மட்டில் விவரமான ஆள்தான்.

முதல் டிஸ்க் செருகியதும் விதி ஓடும். ஜோடி வராததால் மவுண்ட் மறுக்கப்படும். மறுப்பதுதான் சரி. அவரோ அதைக் கோளாறு என்று நினைத்து மவுண்ட் கட்டளையில் 'டிகிரேடட்' என்ற ஆப்ஷனைச் சேர்த்துவிட்டார். எரர் போயிற்று.

டிகிரேடட் என்பது "ஒரு டிஸ்க் போய்விட்டது, தெரிந்தேதான் ஓட்டுகிறேன்" என்று நீங்கள் போடும் கையெழுத்து. அதை யாராவது ஸ்கிரிப்டிடம் கொடுப்பார்களா? "ரெய்டு-1 தானே, மற்ற டிஸ்க் வந்ததும் தானே சரிசெய்துகொள்ளும்" என்கிறார்கள். செய்யாது ஐயா! முழு ரீசிங்க் (இரண்டு டிஸ்கையும் மறுபடி ஒன்றுபோல ஆக்குவது) தானாக நடக்காது, ஸ்க்ரப்பை (டேட்டா முழுவதையும் படித்து, தவறானதை நல்ல பிரதியிலிருந்து திருத்தும் வேலை) நீங்கள்தான் ஓட்ட வேண்டும். அதுவும் ஒரு டிஸ்க் மட்டும் பின்தங்கியிருந்தால்தான் உதவும். இங்கே திங்களன்று ஒரு டிஸ்க் தனியாக எழுதப்பட்டது. புதனன்று மற்றது தனியாக. இரண்டுக்கும் யுயுஐடி (ஃபைல்சிஸ்டத்தின் அடையாள எண்) ஒன்றே, உள்ளே இருக்கும் கதை வேறு வேறு. வெள்ளியன்று சேர்த்து மவுண்ட் செய்தார்கள். கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) லாக் முழுக்க டிரான்ஸ்ஐடி (எழுதிய வரிசை எண்) பொருந்தவில்லை என்ற புலம்பல்.

அந்த விதியை முதலில் அழியுங்கள். எல்லா டிஸ்கும் வந்துவிட்டதா என்று கெர்னலிடம் கேட்கும் விதி சிஸ்டம்டியோடே (லினக்ஸில் பூட்டையும் சர்வீஸ்களையும் நடத்தும் புரோகிராம்) வருகிறது. கடைசி டிஸ்க் வரும்வரை அது 'தயார்' என்று சொல்லாது. எஃப்எஸ்டேபில் (எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல் ஃபைல்) யுயுஐடி, நோஃபெயில் (டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் தொடரட்டும்), எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் (ஃபோல்டரைத் திறக்கும்போது மவுண்ட் ஆகட்டும்) போதும். நோஃபெயிலை மறந்தால் டிஸ்க் இல்லாத நாளில் பூட் 90 வினாடி காத்திருந்து எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும்.

அன்மவுண்ட் செய்யாமல் பிடுங்காதீர்கள். பிடுங்கிய டிஸ்கைத் திரும்பச் செருகினால் அது வேறு பெயரில் வரும். ஓடிக்கொண்டிருக்கும் ஃபைல்சிஸ்டம் அதைச் சேர்த்துக்கொள்ளாது. அன்மவுண்ட் செய்து, இரண்டையும் வைத்து மறுபடி மவுண்ட் செய்து, ஸ்க்ரப் ஓட்டுங்கள்.

இரண்டு டிஸ்கும் ஏற்கனவே தனித்தனியாக எழுதப்பட்டுவிட்டதா? தயவுசெய்து சேர்த்துச் செருகிப் பார்க்காதீர்கள். ஒவ்வொன்றாக, ரீட்-ஒன்லியில், டிகிரேடட் போட்டுத் திறந்து ஃபைல்களை வேறொரு டிஸ்கில் காப்பி எடுங்கள். டிகிரேடட் உண்மையில் தேவைப்படும் இடம் அதுதான்.